உங்கள் பெட்டகம் எத்தனை நிமிடம் தாங்கும்?

பொங்கலுக்கு முன்பு மதுரையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு லாக்கர் வந்து இறங்கியது. கறுப்புப் பெயின்ட், எண் பொத்தான்கள், பச்சை விளக்கு, பளபளக்கும் கைப்பிடி. "அண்ணா, இதை உடைக்கவே முடியாதாம்" என்றாள் தங்கை. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த பையன் அதை இடது தோளில் வைத்துக்கொண்டு, வலது கையில் கைப்பேசியைப் பிடித்து யாருடனோ பேசியபடியே மூன்று மாடி ஏறி வந்திருந்தான். எடை பார்த்தோம். அட்டைப்பெட்டியோடு சேர்த்து 12 கிலோ.

உடைக்க முடியுமா முடியாதா என்பது அப்புறம். வந்த வழியே அதே தோளில் வேறொருவன் அதைக் கொண்டுபோனால், உடைக்கும் வேலையை அவன் தன் வீட்டில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம். தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. "அப்படியானால் நல்ல லாக்கர் என்பது எது?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இது.

ஒரே பெயரில் நான்கு பெட்டிகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் நான்கு வெவ்வேறு பொருள்களை 'லாக்கர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

முதலாவது, பீரோவுக்குள் இருக்கும் சின்ன அறை. பீரோவின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. உள்ளே இருக்கும் லாக்கரும் அதே தகடுதான். பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை இடுக்கில் செருகி நெம்பினால் வளைந்துகொடுக்கும். அது துணிமணியை ஒழுங்காக வைக்க உதவும் தடுப்பு. பாதுகாப்பு என்று சொல்வது மிகை.

இரண்டாவது, தங்கை வாங்கிய வகை. ஹோட்டல் அறைகளில் பார்த்திருப்பீர்கள். உடல் 2 மி.மீ., கதவு 3 அல்லது 4 மி.மீ. என்ற அளவில் இருக்கும். வேலைக்கு வருபவர், விருந்தாளி, வீட்டுப் பிள்ளைகள் என்று எவர் கையும் போகிறபோக்கில் படாமல் இருக்க இது போதும். கடப்பாரையோடு வருபவனுக்கு இது போதாது.

மூன்றாவது, தீ தாங்கும் பெட்டி. காகிதத்தைக் காப்பாற்றவென்றே செய்யப்பட்டது. கனமாக இருப்பதால் திருடனையும் தாங்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

நான்காவதுதான் உண்மையான பெட்டகம். தாத்தா காலத்தில் 'இரும்புப் பெட்டி' என்றார்களே, அதன் வாரிசு. தடித்த சுவர், அதைவிடத் தடித்த கதவு, சோதனைச் சாலையில் அடிவாங்கிப் பெற்ற சான்று. இதை ஒருவர் தோளில் தூக்க முடியாது.

இனி இந்தக் கட்டுரையில் 'பெட்டகம்' என்றால் நான்காவதைத்தான் சொல்கிறேன். மற்ற மூன்றையும் 'பெட்டி' என்றே எழுதுகிறேன்.

தேங்காயும் நிமிடக் கணக்கும்

திறக்க முடியாத பெட்டகம் என்று உலகில் எதுவும் கிடையாது. மனிதன் செய்த எதையும், நேரமும் கருவியும் கொடுத்தால் இன்னொரு மனிதன் பிரித்துவிடுவான்.

தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டை உரிக்காத காயை வெறும் கையோடு இருப்பவனிடம் கொடுத்தால் அரை நாள் போராடுவான். கடப்பாரை நட்டு வைத்திருக்கும் தோப்புக்காரர் நாலு குத்தில் உரித்துவிடுவார். காய் அதேதான். மாறியது கருவியும் பழக்கமும். ஆகவே 'இந்தக் காய் கடினமானதா?' என்ற கேள்விக்குப் பொருளில்லை. 'யார், எந்தக் கருவியோடு, எத்தனை நிமிடத்தில்?' என்றுதான் கேட்க வேண்டும்.

பெட்டகங்களைச் சோதிக்கும் நிறுவனங்கள் இதையேதான் கேட்கின்றன. அமெரிக்காவின் யுஎல் என்னும் சோதனை நிறுவனம் 'டிஎல்-15' என்றொரு சான்று தருகிறது. பெட்டகத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்ந்த ஆட்கள், துளைக்கும் கருவி, அரைக்கும் சக்கரம், நெம்புகோல் எல்லாவற்றோடும் தாக்குவார்கள். கருவி பெட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். வியர்வை துடைக்கும் நேரம், கருவி மாற்றும் நேரம் எல்லாம் சேராது. இப்படிக் கணக்கிடப்படும் நேரத்துக்கு 'நிகர உழைப்பு நேரம்' என்று பெயர். அதில் 15 நிமிடம் தாங்கினால் டிஎல்-15. அரை மணி தாங்கினால் டிஎல்-30.

பதினைந்து நிமிடம்தானா என்று தோன்றும். உள்ளிருக்கும் அமைப்பைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களுக்கே, ஓய்வில்லாமல் 15 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். படமும் இல்லாமல், பக்கத்து வீட்டு நாய் குரைக்குமோ என்ற பயத்தோடு வருபவனுக்கு அது பல மடங்காக நீளும். வீட்டு உபயோகப் பெட்டிகளுக்கு யுஎல் தரும் தொடக்கநிலைச் சான்றில் இந்தக் கணக்கு 5 நிமிடம்தான். அதுவும் ஒரே ஆள், கைக்கருவிகளோடு.

இன்னொரு நுட்பமும் உண்டு. டிஎல்-15 சோதனையில் தாக்கப்படுவது கதவும் முன்முகமும் மட்டுமே. ஆறு பக்கமும் சோதித்திருந்தால் சான்றின் பெயரோடு 'எக்ஸ்6' என்று சேர்ந்திருக்கும். நடுவீட்டில் தனியாக நிற்கும் பெட்டகத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். சுவரில் பதித்ததற்கு அவ்வளவாக இல்லை.

ஐரோப்பாவில் ஈஎன் 1143-1 என்னும் தரநிலை உண்டு. அங்கே நிமிடத்தோடு கருவியின் வலிமையையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எளிய கருவிக்குக் குறைந்த புள்ளி, பெரிய மின்கருவிக்குக் கூடுதல் புள்ளி. இந்தப் புள்ளிக்கு 'எதிர்ப்பு அலகு' என்று பெயர். முழுதாகத் திறக்க 30 அலகு தேவைப்பட்டால் 0-ஆம் தரம், 50 என்றால் 1-ஆம் தரம், 80 என்றால் 2-ஆம் தரம், 120 என்றால் 3-ஆம் தரம். '0' என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நம் வீடுகளில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பூஜ்யத்தையே எட்டாதவை. இந்தியாவில் பெட்டகங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 550 என்ற தரநிலை இருக்கிறது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்தத் தரநிலையில், எந்தத் தரம்?" சான்றுத் தகடு பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டியோ திருகியோ இருக்கும். "எல்லாம் கெட்டித் தகடுதான் சார்" என்று சொல்லி அவர் கதவைத் தட்டிக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெட்டகம் தருவது தாமதம். அந்தத் தாமதத்தை நிமிடமாகவோ அலகாகவோ அளக்க முடியும். அளவு சொல்லப்படாத பெட்டி, தாமதம் எவ்வளவு என்று தெரியாத பெட்டி.

தாமதம் யாருக்காக?

பத்து நிமிடம் தாங்கும் பெட்டகம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் திருச்செந்தூர் போய்விட்டீர்கள், வர மூன்று நாள் ஆகும். திருடனுக்கு மூன்று நாள் கிடைத்திருக்கிறது. பத்து நிமிடத்தை வைத்து என்ன செய்வது?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பத்து நிமிடம் தாங்கும் பெட்டகம் பயன்பட வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் யாருக்காவது தெரிய வேண்டும். கதவு திறந்தால் அலறும் ஒரு எச்சரிக்கை மணி, கைப்பேசிக்குப் படம் அனுப்பும் கேமரா, எதிர்வீட்டு அக்காவின் காது, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசார் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்குத்தான். ரோந்து வருபவர் பூட்டிய வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

பெட்டகத்தை உடைக்கும்போது எழும் சத்தமும் இந்தக் கணக்கில் ஒரு பாதி. தடித்த இரும்பை அறுக்கப் பேட்டரியில் ஓடும் அரைக்கும் சக்கரம் இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது போடும் சத்தமும் தெறிக்கும் பொறியும் நாலு வீட்டுக்குத் தெரியும். தனி வீட்டைவிட அடுக்ககத்தில் இந்தச் சத்தம் நமக்குத் துணை.

பூட்டைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள்

கடையில் பெட்டகத்தைத் திறந்து காட்டியதும் நம் கண் போவது கதவோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டை இரும்புக் கம்பிகளின் மேல். அவற்றுக்குத் 'தாழ்க்கம்பி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். விரல் தடிமனில் ஆறு கம்பிகள் என்று பெருமையாகக் காட்டுவார்கள். அந்தக் கம்பிகள் போய்ச் செருகும் சட்டம் 2 மி.மீ. தகடாக இருந்தால் கம்பி எத்தனை தடித்திருந்து என்ன? கோழிக்கூண்டுக்கு யானைக் கொட்டடித் தாழ்ப்பாள் போட்டது மாதிரி.

நல்ல பெட்டகத்தின் சுவர் ஒற்றைத் தகடாக இருக்காது. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவே கெட்டியான கான்கிரீட் கலவை. இரும்பை அறுக்கும் சக்கரம் கான்கிரீட்டில் திணறும், கான்கிரீட்டை உடைக்கும் உளி இரும்பில் திணறும். திருடன் ஒரே கருவியோடு வந்து முடிக்க முடியாமல் போவதுதான் இதன் சூட்சுமம்.

பூட்டு இருக்கும் இடத்துக்கு முன்னால் இன்னொரு அடுக்கு உண்டு. துளைக்கும் கருவியின் முனையையே மழுக்கிவிடும் கடினமான உலோகத் துண்டு அது. 'கடினத் தகடு' என்பார்கள். அதையும் தாண்டி யாராவது பூட்டை அடித்து உள்ளே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? நல்ல பெட்டகத்தில், பூட்டு இடம் பெயர்ந்தவுடன் ஸ்பிரிங் விசையில் ஒரு ஊசி விழுந்து தாழ்க்கம்பிகளை அப்படியே இறுக்கிவிடும். இது 'மறுபூட்டு'. இதைக் காட்டச் சொல்லிக் கேட்டால், விவரம் தெரிந்த விற்பனையாளர் உற்சாகமாகிவிடுவார். விவரம் தெரியாதவர் பேச்சை மாற்றுவார்.

கீல் வெளியே தெரிகிறதே, அதை அறுத்தால் கதவு கழன்று வராதா என்று தங்கை கேட்டாள். நல்ல பெட்டகத்தில் வராது. கீல் இருக்கும் பக்கத்திலும் கதவோடு ஓர் அசையாத இரும்புப் பட்டை இருக்கும். கதவை மூடியதும் அது சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். கீல், கதவைச் சுமக்க மட்டும்தான்.

தரையோடு பிணைப்பது

எடை ஒரு பாதுகாப்பு. எங்கள் அம்மாச்சி வீட்டில் நெல்மூட்டை அடுக்கும் அறையின் மூலையில் ஒரு பழைய இரும்புப் பெட்டி இருந்தது. வீட்டை விற்றபோது அதை எடுக்க ஆறு பேர் வந்து, நிலைப்படியைப் பார்த்துவிட்டு, வீட்டை வாங்கியவருக்கே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டியைத் திருடியவன் யாரும் பிறக்கவில்லை.

இன்றைய வீட்டுக்கு அவ்வளவு எடை சரிவராது. இந்தியத் தரநிலைகளில் குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமைக்கு, அதாவது ஆட்களும் சாமான்களும் சேர்ந்த எடைக்கு, என்று கணக்கிடப்படுகிறது. முன்னூறு நானூறு கிலோ பெட்டகத்தை மாடியில் சின்ன இடத்தில் நிறுத்துவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கேட்க வேண்டும். சுவரோரம், பீமுக்கு மேல் என்று அவர் இடம் சொல்வார்.

எடை இல்லாத குறையைப் பிணைப்பு தீர்க்கும். பெட்டகத்தின் அடியிலோ முதுகிலோ துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் இறக்கி, உள்ளிருந்து முடுக்க வேண்டும். ஆங்கர் போல்ட் என்பது துளைக்குள் போனபின் முடுக்க முடுக்க விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட். போல்ட் தலை பெட்டகத்துக்குள் இருப்பதால், திறக்காமல் கழற்ற முடியாது. ஐரோப்பியத் தரநிலை, 1,000 கிலோவுக்குக் குறைவான பெட்டகத்தில் பிணைப்புத் துளை இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆயிரம் கிலோ! நம் 12 கிலோ பெட்டியைச் சும்மா அலமாரித் தட்டில் வைக்கிறோம்.

எங்கே துளையிடுவது என்பதில் கவனம் வேண்டும். கான்கிரீட் தரை முதல் தேர்வு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பரவாயில்லை. நாலரை அங்குலச் சுவரும், உள்ளே பொந்து இருக்கும் ஹாலோ பிளாக் சுவரும் போல்ட்டைப் பிடித்துவைக்காது; இழுத்தால் செங்கல்லோடு வரும். மாடித் தளமாக இருந்தால் அதற்குள் மின்குழாய் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுத் துளையிடுங்கள். முடிந்தால் இரண்டு சுவர் சேரும் மூலையில் வையுங்கள். கடப்பாரையை வீச இடமில்லாமல் போவதே பாதி வெற்றி. பரணில் மட்டும் வைக்காதீர்கள்.

சுருக்கமாக: சுவர் எதனால் ஆனது, எதோடு பிணைத்திருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தபின்தான் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பூட்டில் மூன்று வகை

சாவிப் பூட்டு பழையது, நம்பகமானது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அராவிச் செய்யும் நெம்பு தகடுகளின் அருமை நமக்குப் புதிதல்ல. சாவியின் ஒவ்வொரு பல்லும் உள்ளே ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. நெம்புப் பூட்டின் தத்துவம் இவ்வளவுதான்.

இதிலும் நேரக் கணக்கு வருகிறது. லண்டனில் பிராமா நிறுவனத்தார் தங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று அறிவித்துக் கடை ஜன்னலில் வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதைத் திறந்தார். அதே ஆண்டு, திறக்கவே முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் நிறுவனத்தின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். ஒன்று 51 மணி, இன்னொன்று 25 நிமிடம். இரண்டுமே 'திறக்கப்பட்ட பூட்டு'தான் என்று சொல்லிவிட்டால் வேறுபாடு காணாமல் போகும்.

சாவிப் பூட்டின் உண்மையான பலவீனம் சாவி. அது பெரும்பாலும் பீரோவின் மேல், அரிசி டின்னுக்குள், சாமி படத்துக்குப் பின்னால், பட்டுப்புடவை மடிப்பில் என்று நாலைந்து இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். இந்தப் பட்டியல் நமக்கு மட்டும் தெரிந்ததல்ல.

எண் பூட்டு இரண்டாவது. மலிவான பெட்டிகளில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சரியான எண்ணை அழுத்தினால் ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகும். காந்தம் ஒரு சின்ன ஊசியை இழுத்துக்கொள்ளும். ஊசி விலகியதும் கைப்பிடி திரும்பும். இந்தச் சுருளுக்கு 'சொலினாய்டு' என்று பெயர். அந்தப் பெட்டியில் கதவுக்கும் உலகத்துக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் ஊசியும்தான். பெட்டியை ஓங்கித் தட்டினாலே ஊசி துள்ளி விலகிவிடும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. நல்ல பெட்டகத்தில் ஊசியைச் சிறு மோட்டார் நகர்த்தும், தட்டலுக்கு அசையாது.

மலிவான பெட்டியின் எண் பலகைக்குப் பின்னால் அவசரச் சாவிக்கு ஒரு துளையும் ஒளிந்திருக்கும். ஆறு இலக்க எண் என்றால் பத்து லட்சம் சேர்க்கைகள்; ஆனால் அந்தத் துளையில் இருப்பது தகர டப்பாவுக்குப் போடும் பூட்டாக இருந்தால், பத்து லட்சத்தை யார் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

வாங்கிய அன்றே தொழிற்சாலை எண்ணை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆய்வு நடந்த லாஸ் அலமாஸில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் சகாக்களின் பெட்டகங்களைத் திறந்து காட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து வரும் எண்ணை மாற்றாமலே வைத்திருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று பிற்பாடு கண்டுபிடித்தார். அணுகுண்டு ரகசியத்தையே அப்படி வைத்திருந்தார்கள் என்றால், நம் வீட்டுப் பெட்டியில் இன்னும் 1234 இருப்பதில் வியப்பில்லை. பிறந்த தேதி, திருமண நாள், வண்டி எண் மூன்றும் வேண்டாம்.

கைரேகைப் பூட்டு மூன்றாவது. அது ஒரு வசதி, அவ்வளவே. ஈரக்கையும் வெடித்த விரலும் அதற்குப் பிடிக்காது. பாத்திரம் துலக்கிவிட்டு வந்து ஐந்து முறை விரலை வைத்துவிட்டு அலுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருடனுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று

இரும்பு வெப்பத்தைக் கடத்தும். வெறும் இரும்புப் பெட்டி தீயில் அடுப்பாகிவிடும். உள்ளிருக்கும் பத்திரம் எரியாமலே கருகும். பிறகு தீ தாங்கும் பெட்டி எப்படித் தாங்குகிறது?

இட்லிப் பானையைப் பாருங்கள். அடியில் எவ்வளவு பெரிய தீ எரிந்தாலும், பானையில் நீர் இருக்கும்வரை உள்ளே சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். வருகிற வெப்பத்தையெல்லாம் நீர் ஆவியாவதற்கே செலவழித்துவிடுகிறது. நீர் வற்றியதும்தான் பானை தீயும்.

தீ தாங்கும் பெட்டியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே இதே உத்திதான். ஜிப்சம் போன்ற, தன் படிகத்துக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருளை நிரப்புகிறார்கள். தொட்டால் உலர்ந்துதான் இருக்கும். ஆனால் நூறு கிலோ தூய ஜிப்சத்தில் சுமார் 21 கிலோ நீர் ஒளிந்திருக்கிறது. தீ வந்ததும் அந்த நீர் ஆவியாகி வெளியேறி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நீர் இருக்கும்வரைதான் பெட்டியின் ஆயுள். அதனால்தான் இதற்கும் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று நேரத்தில் சான்று.

யுஎல்லின் ஒரு மணிச் சோதனையில் உலையின் சூடு 927 டிகிரி வரை ஏறும். காகிதத்துக்கான பெட்டியின் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. காகிதம் அதில் பிழைத்துவிடும். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் பிழைக்காது. அவற்றுக்கு 52 டிகிரிதான் வரம்பு, அதற்கென்று தனிவகைப் பெட்டி வேண்டும். தூய தங்கம் உருக 1,064 டிகிரி ஆகும். ஆகவே நகைக்குத் திருடன் பயம், பத்திரத்துக்கு நெருப்புப் பயம். எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜிப்சம் நிரப்பிய மெல்லிய தகட்டைச் சுத்தியலால் உடைப்பது எளிது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனியே சான்று உள்ள பெட்டகத்தைத் தேட வேண்டும், விலை ஏறும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஈரத்தைச் சுமந்திருக்கும் பெட்டிக்குள் ஈரம் கசியும். மாதக்கணக்கில் திறக்காமல் வைத்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். வெள்ளத்துக்கும் தீச்சான்றுக்கும் சம்பந்தம் கிடையாது. 2015 வெள்ளத்தைக் கண்ட சென்னைக்காரர்களுக்குத் தரைத்தள வீட்டில் பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் வங்கி லாக்கரே போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை கல்யாணத்துக்குப் போடும் நகைக்கு வங்கி லாக்கர்தான் சரி என்பது என் எண்ணம். ஆனால் அதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வங்கியில் வைத்ததற்கெல்லாம் வங்கி முழுப் பொறுப்பு என்று நினைக்கிறோம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். அது இன்றைக்கு எத்தனை சவரன் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வங்கியின் கவனக்குறைவு இல்லாமல் வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்புக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது.

வீட்டிலோ வங்கியிலோ, நகைக்குத் தனியே காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெட்டகத்தை நம்பிக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், எந்தத் தரப் பெட்டகம் என்று நிபந்தனை உண்டா என்பதைப் பெட்டகம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. நகைகளைப் படமெடுத்து, எடையோடு ஒரு பட்டியல் எழுதி, அதைப் பெட்டகத்துக்கு வெளியே வையுங்கள். பட்டியலை உள்ளேயே வைத்து இரண்டையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு.

வீட்டில் ஆள் இருக்கும்போது கத்தியைக் காட்டி மிரட்டித் திறக்கச் சொன்னால், திறந்துவிடுங்கள். எந்தத் தரச் சான்றும் அந்த நிமிடத்துக்காக எழுதப்பட்டதல்ல.

அந்த 12 கிலோ பெட்டி

தங்கை அதைத் திருப்பி அனுப்பவில்லை. படுக்கையறைச் சுவர் அலமாரியின் அடித்தட்டில், கான்கிரீட் தரையோடு இரண்டு போல்ட் போட்டுப் பிணைத்தோம். முதல் துளை தப்பான இடத்தில் விழுந்து ஒரு டைல் கீறியது. மாப்பிள்ளை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கல்யாண நகை வங்கிக்குப் போனது. பெட்டியில் இப்போது பாஸ்போர்ட்டுகள், அன்றாடம் போடும் வளையல் இரண்டு, அவசரத்துக்குக் கொஞ்சம் ரொக்கம், வீட்டுப் பத்திரத்தின் நகல். அவசரச் சாவி என்னிடம், வேறு ஊரில். அடுத்து பேட்டரி மாற்ற வேண்டிய தேதியைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால்தானே அதைப் படிக்க முடியும் என்று நான் சொன்னபிறகு, காலண்டரிலும் எழுதினாள்.